ஐம்பதாயிரம் அடி பிலிம்: ஏ.கே. செட்டியாரும் அவருடைய கேமராவும்

எங்கள் வீட்டில் ஒரு போட்டோ இருந்தது. "இருந்தது" என்றுதான் சொல்ல வேண்டும், இப்போது இல்லை. தாத்தா தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து, கையில் நாடாவைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்க்கும் படம். எடுத்தது அம்மாவின் பெரிய மாமா. எண்பதுகளில் குவைத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தபோது ஒரு யாஷிகா கேமரா வாங்கி வந்தாராம். எங்கள் தாமலில் அப்போது சொந்தமாக கேமரா வைத்திருந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஒரு ரோலுக்கு 36 படம். அதில் ஒன்றைத் தாத்தாவுக்காகச் செலவழித்தார். வீட்டை இடித்துக் கட்டியபோது, பரண் மேலிருந்த தகரப் பெட்டியோடு அந்தப் படமும் எங்கேயோ போய்விட்டது. நெகட்டிவும் இல்லை.

வேலைக்காகக் கடல் கடந்து போனவர், திரும்பி வரும்போது பணத்தோடு ஒரு கேமராவையும் கொண்டு வருவது தமிழ்நாட்டில் பல குடும்பங்களின் கதை. அந்தக் கதையின் மிகப் பெரிய வடிவம் ஒன்று உண்டு. அதன் நாயகர் ஏ.கே. செட்டியார். உலகம் சுற்றிய தமிழன் என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரி படித்திருப்போம். ஆனால் அவர் முறையாகப் படித்த புகைப்படக்காரர் என்பது பலருக்கும் தெரியாது. எனக்கும் சமீபம் வரை தெரியாது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கேமரா நம்மைத் தேடி வந்த காலம்

செட்டியாருக்கு முன்பு ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்துவிடுவோம். அப்போதுதான் வித்தியாசம் புரியும்.

லின்னேயஸ் டிரைப் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1822-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். வேலை இந்தியாவில். புகைப்படம் அவருக்கு முதலில் பொழுதுபோக்கு. 1855-இல் பர்மா மன்னரிடம் கம்பெனி ஒரு தூதுக்குழுவை அனுப்பியபோது, படம் எடுக்கும் வேலை இவருக்குக் கிடைத்தது. 200-க்கும் மேற்பட்ட படங்களோடு திரும்பினார். அதைப் பார்த்த சென்னை அரசு அவரையே தன் புகைப்படக்காரராக நியமித்தது.

1857 கடைசியிலும் 1858-லும் அவர் மாட்டு வண்டிகளில் கேமராவையும் ரசாயனங்களையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்று செல்போனில் 'பனோரமா' என்று ஒரு பொத்தானை அழுத்தி நாம் செய்வதை, அவர் தமிழ்நாட்டு வெயிலில் காகித நெகட்டிவ்களை வைத்துச் செய்தார்!

ஆனால் அடுத்து வந்த கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் கணக்குப் பார்க்கிறவர். அரசுப் பணத்தில் புகைப்படம் என்பது அவருக்கு ஆடம்பரச் செலவாகத் தெரிந்தது. 1860-க்குள் அந்தப் பிரிவே மூடப்பட்டது. டிரைப் அதற்குப் பிறகு அதிகமாகப் படம் எடுக்கவில்லை.

அந்தக் காலத்தில் கேமரா வெளியிலிருந்து வந்து நம்மைப் பார்த்தது. நம் கோயில், நம் கல்வெட்டு எல்லாம் படமானது. எடுத்த கண் மட்டும் நம்முடையது இல்லை. சுமார் 75 வருடம் கழித்து ஒரு தமிழர் எதிர்த் திசையில் போனார். கேமராவைத் தேடி இங்கிருந்து வெளியே போனார்.

கோட்டையூரிலிருந்து ரங்கூன், டோக்கியோ, நியூயார்க்

அ. கருப்பன் செட்டியார் 1911 நவம்பர் 4-ஆம் தேதி செட்டிநாட்டின் கோட்டையூரில் பிறந்தார். அவர் பிறந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் சமூகத்துக்குக் கடல் தாண்டுவது புதிதல்ல. பர்மா, மலேயா, இலங்கை, வியட்நாம் என்று எங்கும் அவர்களுடைய லேவாதேவிக் கடைகள் இருந்தன. வணிகவியல் படிக்கிற எனக்கு இதில் ஒரு தகவல் எப்போதும் ஆச்சரியம். 1930-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தபோது, கடனைத் திருப்ப முடியாத பர்மா விவசாயிகளின் நிலங்கள் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தன. 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய கால் பங்கு அவர்கள் கையில் இருந்தது.

அந்த ரங்கூனுக்கு இளைஞர் ஏ.கே. செட்டியாரும் போனார். ஆனால் கடைக் கணக்கு எழுதப் போகவில்லை. நகரத்தார்கள் நடத்திய 'தனவணிகன்' என்ற பத்திரிகைக்கு ஆசிரியராகப் போனார். வட்டிக் கணக்குப் புழங்கிய ஊரில் இவர் எழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

எழுத்தோடு நிற்கவில்லை. 1930-களின் நடுவில் புகைப்படக் கலை படிக்க ஜப்பானுக்கு, டோக்கியோவுக்குப் போனார். ஏன் ஜப்பான் என்று கேட்கலாம். அது ஜப்பான் தன் சொந்த கேமராக்களைச் செய்யத் தொடங்கிய காலம். பிற்காலத்தில் கேனான் என்று உலகம் முழுவதும் பெயர் வாங்கிய நிறுவனத்தின் முதல் விற்பனைக் கேமரா 1936-இல்தான் கடைக்கு வந்தது. ஆசிய நாடு ஒன்று ஐரோப்பாவின் கருவியைத் தானே செய்ய முடியும் என்று காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நம் ஆள் அங்கே மாணவர். அங்கிருந்து அமெரிக்கா. 1937-இல் நியூயார்க்கிலும் புகைப்படப் பயிற்சி பெற்றார்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊரில் ஸ்டூடியோக்காரரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றுக்கொள்வதுதான் அன்றைய வழக்கம். பரம்பரையாக வெளிநாட்டுக்கு வியாபாரம் செய்யப் போகும் சமூகத்திலிருந்து ஒருவர், படம் எடுக்கப் படிக்க இரண்டு கண்டங்களுக்குப் போகிறார். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்? நான் பி.காம். முடித்துவிட்டு போட்டோகிராபி படிக்கப் போகிறேன் என்று இன்றைக்கு எங்கள் வீட்டில் சொன்னாலே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும் :)

கப்பலில் வந்த யோசனை

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பல். அன்று காந்தி பிறந்த நாள். செட்டியாருக்கு இன்னும் 26 வயது முடியவில்லை. சுற்றிலும் அட்லாண்டிக் கடல். காந்தியைப் பற்றி ஒரு முழு டாகுமெண்டரிப் படம் எடுத்தால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் அவருக்கு வந்தது.

காந்திக்கு அப்போது 68 வயது. அவர் வாழ்க்கையின் பெரிய சம்பவங்கள் பல முடிந்துவிட்டன. 1893 முதல் 1914 வரை தென்னாப்பிரிக்கா. 1930-இல் 24 நாள் நடந்த தண்டி யாத்திரை. 1931-இல் லண்டன் வட்டமேசை மாநாடு. இவற்றை இனி யாரும் கேமரா வைத்து எடுக்க முடியாது. போனது போனதுதான். புதிதாகப் படம் எடுக்கத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. ஏற்கெனவே எடுத்தவர்களைத் தேட வேண்டும்.

அப்போது உலகம் முழுவதும் தியேட்டர்களில் படத்துக்கு முன்னால் 'நியூஸ் ரீல்' ஓட்டுவார்கள். இன்றைய டி.வி. செய்தி மாதிரி. பாதே, கௌமாண்ட், மூவிடோன் போன்ற கம்பெனிகளின் கேமராமேன்கள் உலகம் முழுவதும் அலைந்து எடுப்பார்கள். காந்தி போன இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆனால் நியூஸ் ரீலுக்கு ஆயுள் ஒரு வாரம், இரண்டு வாரம். அப்புறம் அது ஒரு டப்பாவுக்குள் போய், ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு அலமாரியில் தூங்கும். அன்றைய பிலிம் நைட்ரேட் பிலிம் வேறு. சுலபமாகத் தீப்பற்றும், நாள் ஆக ஆகக் கெட்டுப் பொடியாகும்.

தேடிப்பிடிக்க இணையம் கிடையாது. பட்டியல் கிடையாது. கடிதம் போட்டால் பதில் வர மாதக்கணக்காகும். நேரில் போய்க் கதவைத் தட்டுவதுதான் வழி. 1937-க்கும் 1940-க்கும் இடையில் செட்டியார் அதைத்தான் செய்தார். இந்தியா, தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா என்று சுமார் ஒரு லட்சம் மைல் பயணம் செய்தார். சுமார் 50,000 அடி பிலிம் சேர்த்தார்.

காந்திக்கும் கேமராவுக்கும் அவ்வளவு ஒத்துப்போகாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் 'போஸ்' கொடுக்க மாட்டார். தன் உறவினரான கனு காந்திக்குப் படம் எடுக்க அனுமதி கொடுத்தபோதுகூட, பிளாஷ் போடக் கூடாது, போஸ் கொடுக்கச் சொல்லக் கூடாது, ஆசிரமம் பணம் தராது என்று மூன்று நிபந்தனை போட்டார். அப்படிப்பட்டவரைப் பற்றித்தான் இவர் படம் எடுக்கக் கிளம்பினார்!

ஒரு காமர்ஸ் மாணவனின் கணக்கு

இந்த எண்கள் எவ்வளவு பெரியவை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 25,000 மைல். ஒரு லட்சம் மைல் என்றால் பூமியை நான்கு தடவை சுற்றி வந்த தூரம். பெரும்பகுதி கப்பலிலும் ரயிலிலும்.

பிலிம் 35 மில்லிமீட்டர் அளவு என்று வைத்துக்கொண்டால், ஒரு அடியில் 16 படங்கள் இருக்கும். 50,000 அடியில் 8 லட்சம் படங்கள்! பேசும் படத்தின் வேகத்தில், நிமிடத்துக்கு 90 அடி வீதம் ஓட்டினால், ஒன்பது மணி நேரத்துக்கும் மேலே ஓடும். தரையில் நீளமாக விரித்தால் சுமார் 15 கிலோமீட்டர். எங்கள் தாமல் ஏரிக்கரையில் ஒரு முனையை வைத்து விரித்துக்கொண்டே போனால், மறுமுனை காஞ்சிபுரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆனால் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. அந்த 50,000 அடியில் பெரும்பகுதி செட்டியார் எடுத்தது இல்லை. யார் யாரோ முன்பின் தெரியாத கேமராமேன்கள் எடுத்தது. டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் படித்த ஒருவர், தன் வாழ்க்கையின் பெரிய வேலையாக, மற்றவர்கள் எடுத்த படங்களைச் சேர்ப்பதைத் தேர்ந்தெடுத்தார்.

போட்டோ மீது ஆசை என்றால் நாம் என்ன நினைக்கிறோம்? நல்ல கேமரா, நல்ல லென்ஸ், "நான் எடுத்த படம்" என்று காட்டிக்கொள்வது. செட்டியாரிடம் இருந்த ஆசை இன்னொரு வகை. படம் யார் எடுத்தது என்பது அவருக்கு இரண்டாவது. அது அழியாமல் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அந்த ஆசை ஊரிலேயே உட்கார்ந்திருந்தால் அவருக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம். நாடு நாடாகப் போனதால்தான், நம்மைப் பற்றிய படங்கள் நம்மிடம் இல்லாமல் உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன என்பது அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

படம் வந்தது, படம் போனது

1940 ஆகஸ்ட் 23-ஆம் தேதி 'மகாத்மா காந்தி' தமிழ் விவரணையோடு வெளிவந்தது. டி.கே. பட்டம்மாள் அதில் பாடியிருந்தார். தெலுங்கிலும் அதே ஆண்டு வந்தது.

நேரத்தைக் கவனியுங்கள். 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் சென்னையில் ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. கவர்னர் ஆட்சி. அதற்கு நடுவில், பிரிட்டிஷ் அரசுக்கு எதிரான போராட்டத்தின் தலைவரைப் பற்றித் தமிழில் ஒரு முழு நீளப் படம்! இரண்டு வருடத்தில் வெள்ளையனே வெளியேறு போராட்டமும் வந்தது. அப்படிப்பட்ட படம் நிம்மதியாக ஊர் ஊராக ஓடுகிற காலமா அது?

பிற்பாடு இந்தியிலும் படம் வந்தது. 1953-இல் அமெரிக்காவில், ஹாலிவுட்டில், சுருக்கமான ஆங்கில வடிவம் ஒன்றும் தயாரானது. அதற்குப் பிறகு மெல்ல மெல்ல எல்லாரும் மறந்தார்கள். 1968-இல் விட்டல்பாய் ஜவேரியின் ஐந்து மணி நேரத்துக்கும் மேற்பட்ட காந்தி டாகுமெண்டரி வந்தது. அது வந்தபோது நாடு சுதந்திரம் அடைந்து 21 ஆண்டு. காந்தி பெயரில் நிதி இருந்தது, அரசின் பிலிம்ஸ் டிவிஷன் இருந்தது. அதற்கு 28 வருடம் முன்பே, வெள்ளைக்காரன் ஆட்சியில், ஒரு கோட்டையூர்க்காரர் செய்துவிட்டார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

வேதனை என்னவென்றால், சிதறியதைச் சேர்த்தவரின் படமே சிதறிப் போனதுதான். 1940-இல் மக்கள் பார்த்த அந்தத் தமிழ்ப் படம் பல பத்தாண்டுகள் காணாமலே இருந்தது. இந்தப் படத்தைத் தேடியவர்களில் முக்கியமானவர் வரலாற்று ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி. காந்தி படத்துக்காகத் தான் அலைந்த அனுபவங்களைச் செட்டியார் எழுதியிருந்தார். அவற்றைத் தொகுத்து 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலாக 2003-இல் கொண்டுவந்தவரும் இவர்தான். பிறகு 1953-இன் ஆங்கில வடிவம் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருப்பதை அவர் கண்டுபிடித்தார். செட்டியார் காந்தியைத் தேடி அமெரிக்கா போனார். செட்டியாரின் படத்தைத் தேடவும் அமெரிக்காதான் போக வேண்டியிருந்தது!

கேமராவுக்குப் பின்னாலேயே இருந்தவர்

படம் முடிந்த பிறகு செட்டியார் என்ன செய்தார்? சினிமாக் கம்பெனி நடத்திப் பெரிய ஆளாகப் பார்க்கவில்லை. 1943-இல் 'குமரி மலர்' என்ற மாத இதழைத் தொடங்கினார். 1983 செப்டம்பர் 10-ஆம் தேதி இறக்கும்வரை, 40 வருடம், அதை நடத்தினார்.

அந்த இதழிலும் அவர் செய்தது அதே வேலைதான் என்று எனக்குப் படுகிறது. பழைய பத்திரிகைகளில், பழைய புத்தகங்களில் கிடந்த கட்டுரைகளைத் தேடி எடுத்து மறுபடி அச்சிட்டார். பிலிம் டப்பாவுக்குப் பதில் பழைய காகிதம். 1968-இல், தமிழ்நாட்டைப் பற்றி முந்தைய நூறு ஆண்டுகளில் பலர் எழுதிய பயணக் கட்டுரைகளைத் திரட்டி ஒரு பெரிய நூலாகக் கொண்டுவந்தார். தானே இவ்வளவு ஊர் சுற்றியவர், மற்றவர்கள் சுற்றியதைத் தேடிப் பாதுகாத்தார்.

அவருடைய பயண எழுத்தைப் படித்தால் கேமரா பிடித்த கை என்பது தெரியும். சின்னச் சின்ன வாக்கியம். பார்த்ததைச் சொல்வார், நகர்ந்துவிடுவார். தன்னைப் பற்றிப் பேச மாட்டார். விளம்பரம் அவருக்குப் பிடிக்காது என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். இப்போது நாம் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் செல்பி எடுக்கிறோம். காந்தியின் படத்துக்காக பூமியை நான்கு சுற்று தூரம் போனவர், தன்னை மட்டும் படத்துக்கு வெளியிலேயே நிறுத்திக்கொண்டார்.

கணக்கை முடிக்கும்போது

வணிகவியலில் முதல் வருடமே சொல்லித் தருவார்கள், சொத்து ஒரு பக்கம், கடன் ஒரு பக்கம் என்று. பர்மாவில் நகரத்தார்கள் சேர்த்த கால் பங்கு வயல்கள் 1942-இல் ஜப்பான் படையெடுத்தபோதும், பிறகு சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கியபோதும் கையை விட்டுப் போயின. ஒரு காலத்தில் பேரேட்டில் பெரிய சொத்தாக இருந்தது பூஜ்யமானது. அதே சமூகத்திலிருந்து போன ஒருவர் சேர்த்த பிலிமுக்கு அன்று எந்த வங்கியும் மதிப்புப் போட்டிருக்காது. டிரெவெல்யன் துரை பார்த்திருந்தால் "வீண் செலவு" என்று ஒரே கோடாக அடித்திருப்பார். இன்று அதன் ஒரு பகுதியாவது நம்மிடம் இருக்கிறது. தென்னாப்பிரிக்கா முதல் நவகாளி வரை காந்தியைத் தேடுகிற எவரும் அந்தத் தேடலில் முன்னே போனவராக இவரை நினைக்கத்தான் வேண்டும்.

என் செல்போனில் இப்போது ஆறாயிரம் போட்டோ இருக்கிறது. அதில் தாத்தா இல்லை. அவர் இறந்தபோது எனக்கு நான்கு வயது. செட்டியாரைப் பற்றிப் படித்த பிறகு பெரிய மாமாவுக்குப் போன் செய்து, "மாமா, அந்த யாஷிகாவில் எடுத்த நெகட்டிவ் எதுவும் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "பழைய சூட்கேஸ் ஒண்ணு இருக்குடா. குவைத்துல இருந்து கொண்டு வந்தது. இருபது வருஷமா திறக்கல. ஞாயித்துக்கிழமை வா, பார்க்கலாம்" என்றார்.

போகப் போகிறேன். தாத்தா கிடைப்பாரா தெரியாது. உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தால், வீட்டுக்கு வெள்ளையடிக்கும் முன்பு ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.